பெயர் எழுதாத நீல வான்

"உந்த மனுசனை ஒரு வான் வந்து திருத்துமோ, பிள்ளை?"

என் அப்பாவைப் பற்றி, அவரின் அக்காவான மாமி என்னிடம் இப்படிக் கேட்டார். நான் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஊரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்களவர்கள் சேர்ந்து நடத்தும் நிதியம், குடியை விட விரும்புபவர்களைச் சாவகச்சேரிக் கிளினிக்குக்கு ஏற்றிச்செல்ல ஒரு நீல வான் வாங்கியிருந்தது.

அப்பா கரவெட்டியில் பிறந்தவர். தகப்பனாரைச் சிறுவயதிலேயே இழந்ததால் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாகத் தோட்ட வேலைக்குப் போனார். அம்மாவைக் கைப்பிடித்துக் கொடிகாமம் வந்தபின் சந்தைக்கு மரக்கறி லொறி ஓட்டினார். எழுத்துத் தெரியாது, வீதிச் சின்னங்கள் எல்லாம் தெரியும். போரில் தம்பியைப் பறிகொடுத்த பிறகு குடி வந்தது. குடி வந்தபின் லொறி போனது. அந்த நாட்களிலும் ஞாயிறு மாலையில் என் பாடசாலைச் சப்பாத்துக்கு வெள்ளை பூச அவர் மறந்ததில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவரும் அவரே.

வான் எங்கள் வீட்டுப் படலைக்கு வந்த முதல் நாள், அப்பா வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். ஒரு காலைப் படியில் வைத்தவர், வானின் பக்கத்தில் இருந்த பெரிய எழுத்துகளைக் காட்டி, "என்ன பிள்ளை எழுதிக் கிடக்கு?" என்றார்.

என் படிப்பைக் காட்ட வாய்ப்புக் கிடைத்தால் விடுவேனா? பரிசளிப்பு விழாவில் வாசிப்பதுபோல எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்கக் கேட்க வாசித்தேன்: "குடிநோயாளர் மறுவாழ்வுச் சேவை. உபயம்..." உபயகாரரின் நீண்ட பெயரை நான் வாசித்து முடிப்பதற்குள் அப்பா காலைக் கீழே எடுத்துவிட்டார்.

"நீங்கள் முன்னாலை போங்கோ. நான் சைக்கிளிலை வாறன்."

சொன்னபடியே செய்தார். ஒரு மாதமாகக் கிளினிக் நாட்களில் வெறும் வான் முன்னால் போக, அப்பா பின்னால் சைக்கிள் மிதித்தார். கடைசியில் ஒருநாள், வானோடு வந்த நிதியத்தின் செயலாளர் ஐயா அதை நிறுத்தி இறங்கினார்.

"ஏன் அண்ணை இந்த வெயிலுக்கை? வெறும் வானெல்லோ போகுது, ஏறுங்கோவன்."

"உதிலை எழுதிக் கிடக்கிறதை அழியுங்கோ, ஏறுறன். கலியாண வான் எண்டு எழுதினாலும் பறவாயில்லை."

கோயில் ரியூப் லைட்டில் வெளிச்சம் வர இடமில்லாமல் பெயர் எழுதிப் பழகியவர்கள் நாங்கள். ஆனாலும் செயலாளர் ஐயா அடுத்த கிழமையே எழுத்தை அழிப்பித்தார். அன்று அப்பா ஏறினார். அடுத்த மாதம் ஐந்து பேர் ஏறினார்கள்.

கிளினிக்கில் மருந்து இலவசம். அங்கே போய்ச் சேருவதும், திரும்பி வந்த பின்னான நீண்ட நாட்களுமே கடினம். நிதியம் கைகொடுத்தது அங்கேதான். வராதவரின் வீட்டுக்கு ஆள் அனுப்பியது. அம்மாவைப் போன்றவர்கள் தனியாக இருந்து மனம்விட்டுக் கதைக்க ஓர் அறை கொடுத்தது. ஒருமுறை அப்பா சறுக்கி விழுந்து மறுபடி குடித்தபோது, செயலாளர் ஐயா வந்து ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "நாளைக்கு எட்டு மணிக்கு வான் வரும், அண்ணை." ஏச்சு இல்லை. அப்பா போனார். பிறகு குடிக்கவே இல்லை. இரண்டு வருடம் கழித்து அந்த வானின் சாரதியாகவும் ஆனார். மாமி அதன் பிறகு வானைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கிளினிக் நாட்களில் தேத்தண்ணிப் போத்தலோடு படலையில் நின்றார்.

சென்ற ஆண்டு, வானைக் கழுவிவிட்டு வந்து சாய்மனைக் கதிரையில் படுத்த அப்பா எழும்பவில்லை. வான் எங்கள் முற்றத்திலேயே நின்றது. சாரதி இல்லாததால் கிளினிக்குக்குப் போவோர் தொகை குறைந்தது. இருவர் திரும்பக் குடிக்கத் தொடங்கினர். என் கவலை அதுதான். கனடாவிலிருந்து பெரியப்பாவின் மகன், அப்பாவின் படமும் பெயரும் போட்டுப் புது வான் தருவதாகச் சொன்னார்.

"இந்த வானே நல்லா ஓடும், அண்ணை. டீசலுக்கும், கதைச்சு ஆறுதல் சொல்ல ஓர் ஆளுக்கும் உதவுங்கோ. பெயர் வேண்டாம்" என்றேன்.

"அப்ப ஆரின்ரை வான் எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?"

"ஏறுறவைக்குத் தெரியும்."

சிரித்துவிட்டுச் சம்மதித்தார். அவருக்கும், நிதியத்தாருக்கும், கிளினிக் வைத்தியர், தாதியருக்கும், அப்பாவின் இறுதிக் கிரியைகளில் எங்களோடு நின்ற அனைவருக்கும் அம்மாவும் நானும் கைகூப்புகிறோம்.

நான் இப்போது உளவளத்துணைக் கல்வியை முடித்துவிட்டேன். சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டேன். சென்ற திங்கட்கிழமை வானை நானே எடுத்தேன். முன் இருக்கையில் மாமி, மடியில் தேத்தண்ணிப் போத்தல். சந்திக்கு அருகே சைக்கிளைப் பிடித்தபடி நின்ற ஒருவர், வானை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இது என்ன வான், தங்கச்சி?" என்று மெல்லக் கேட்டார்.

"சாவகச்சேரி போற வான், அண்ணை. ஏறுங்கோ."

அவர் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு ஏறினார்.