நாற்பத்தெட்டாவது பல்

காலை பத்தரை மணிக்குக் கைத்துணியில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு அவர் ஸ்டோர்ஸுக்குக் கிளம்புகிறார். அவருடைய மில்லிங் மெஷினுக்கு நேர் எதிரே, சரியாக இருபத்திரண்டு எட்டு வைத்தால், ஸ்டோர்ஸின் கம்பி ஜன்னல். நடுவில் சுவரும் கிடையாது, பள்ளமும் கிடையாது. ஆனாலும் அவர் இடது பக்கம் திரும்புகிறார். ட்ரில்லிங் மெஷின்களைக் கடந்து, பெயின்ட் அறையை எட்டிப் பார்த்து, அறிவிப்புப் பலகையில் நான்கு வருடமாகத் தொங்கும் தீயணைப்புப் பயிற்சி நோட்டீஸை இன்னொரு முறை பார்வையிட்டு, குழாயில் கை கழுவி, எடை மேடையில் ஏறி இறங்கி, ஜன்னலுக்கு வலது பக்கமாக வந்து சேர்கிறார். நூற்று நாற்பது எட்டு நடை, எட்டு நிமிடம். சூரியனைச் சுற்றும் கிரகங்களுக்கும் இவருக்கும் ஒரே வித்தியாசம், கிரகங்கள் வழியில் எடை பார்ப்பதில்லை.

தொழிற்சாலையில் அவரை 'வட்டம்' என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. நடை எப்படியோ பேச்சும் அப்படியே. எட்டு மில்லிமீட்டர் ட்ரில் ஒன்று வேண்டுமென்றால், "நேத்து சாயங்காலம் மழை வர்ற மாதிரி இருந்துச்சே, பாத்தீங்களா?" என்று ஆரம்பிப்பார். மழையிலிருந்து கூரை, கூரையிலிருந்து ஒழுகல், ஒழுகலிலிருந்து துரு, துருவிலிருந்து இரும்பு, இரும்பிலிருந்து ஓட்டை, ஓட்டையிலிருந்து ட்ரில். தர்க்கத்தில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகாது. கேட்பவருக்கு நேரம்தான் போகும்.

அந்தச் சங்கிலியைக் கடைசிக் கண்ணிவரை கேட்ட ஒரே பிறவி ஸ்டோர்ஸ் அம்மா. நாற்பத்தாறு வயது, தனி ஆள், பதினொரு வருடம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர். எந்தப் பொருளையும் கட்டைவிரல் நகத்தால் தட்டி எண்ணிவிட்டுத்தான் கொடுப்பார். ஒரே ஒரு நட்டாக இருந்தாலும் "ஒண்ணு" என்று எண்ணுவார். வட்டம் மழையில் தொடங்கும்போதே ட்ரில்லை எடுத்து மேஜைக்கடியில் தயாராக வைத்துக்கொள்வார். கதை துருவுக்கு வரும்போது 'ம்' என்பார். ஓட்டைக்கு வந்ததும் ட்ரில் மேலே வரும்.

"இதத்தானே கேக்க வந்தீங்க?"

"இதேதான், மேடம்."

"மொதல்லயே நேரா சொல்லியிருக்கலாமே, சார்."

"சொல்லியிருக்கலாம்."

இந்த உரையாடல் குத்துமதிப்பாக மூவாயிரம் முறை நடந்திருக்கும். இருவருக்கும் அலுக்கவில்லை என்பதை அந்த இருவரைத் தவிரத் தொழிற்சாலை முழுக்கக் கவனித்திருந்தது.

இப்போது அந்த நாற்காலியில் ஒரு மீசைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர், சுறுசுறுப்பானவர். "மழைதானே? வரும் சார், வரும். எத்தன எம்எம்?" என்று கேட்டு, வட்டம் வாயை மூடுவதற்குள் ட்ரில்லைக் கையில் வைத்து அனுப்பிவிடுகிறார். மனிதனுக்கு மனிதன் இப்படியும் கொடுமை செய்ய முடியும் என்று வட்டம் நினைத்துப் பார்த்ததில்லை.

வட்டத்தின் மனத்தில் ஒரு பழைய அச்சு இயந்திரம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் கழற்றிப்போடும் பொறுப்பு அவருக்கு வந்தது. தாள் வைக்கும் மேஜை முன்னும் பின்னும் நூல் பிடித்ததுபோல் ஓடும் இயந்திரம் அது. ஓட்டுவது எது என்று மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே நேராகப் போகிற பொருள் ஒன்றுகூட இல்லை. ஒரு பெரிய வளையம், அதன் உட்புறம் பற்கள். வளையத்துக்குள் அதில் சரிபாதி அளவில் ஒரு சக்கரம், உருண்டுகொண்டே சுற்றுகிறது. அந்தச் சின்னச் சக்கரத்தின் விளிம்பில் ஒரு முளை. சக்கரம் உருள, முளையும் வளைந்து நெளிந்துதான் போகும் என்று யாரும் பந்தயம் கட்டுவார்கள். முளையோ வளையத்தின் ஒரு கரையிலிருந்து நடுமையம் வழியாக எதிர்க்கரைக்கு, ஒரு மயிரிழை விலகாமல், நேர்கோட்டில் போய்த் திரும்பியது.

கழற்ற வேண்டியதைக் கழற்றாமல் நான்கு நாள் அதன் முன் உட்கார்ந்திருந்தார். பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்: "உள்ள எல்லாமே சுத்துது. ஒருத்தன்கூட நேரா போகல. ஆனா போய்ச் சேர்றது மட்டும் நேரா போய்ச் சேருது பாருங்க!" எல்லாரும் "அப்படியா? எண்ணெய் போட்டியா?" என்றார்கள். ஊரே தன்மேல் சுமத்திய குற்றத்துக்கு, வார்ப்பிரும்பில் ஒரு வக்கீல் கிடைத்ததுபோல் இருந்தது அவருக்கு. பெரியதில் சரிபாதி சிறியது. அது ஒன்றுதான் நிபந்தனை. அளவு அதுவானால், சுற்றுகிறவனும் நேரே போகலாம்.

ஸ்டோர்ஸ் அம்மாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது சுமார் மூன்று மாதம் முன்பு. நிறுவனத்தின் இன்னொரு கிளைக்கு. ஏழு மணி நேரப் பஸ் பயணம். மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். வட்டத்திடம் அவர்தான் சொன்னார். வட்டம் அதற்கு, "அந்தப் பக்கம் காத்து நல்லா இருக்கும்னு சொல்றாங்க" என்று பதில் சொல்லிவிட்டு, எதற்கு வந்தோம் என்பதை மறந்து வெறுங்கையோடு திரும்பினார், அதுவும் சுற்றித்தான்.

வீட்டில் அக்கா. அவரைவிட ஆறு வயது மூத்தவர், ஆஸ்பத்திரியில் நர்ஸ், நோயாளியிடமும் தம்பியிடமும் ஒரே குரலில் பேசுகிறவர். இரண்டு அறை வீட்டில் தம்பியின் முகம் மறைக்க இடமில்லை.

"போறாங்கன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கியே, போகாதீங்கன்னு சொன்னியாடா?"

"சொல்லலாம்னுதான்..."

"எப்போ? அவங்க ரிட்டயர் ஆனப்புறமா? ஊசி போடறதுக்கு முன்னாடி நான் மழையப் பத்தியா பேசறேன்? கையப் பிடி, குத்து, பஞ்ச வை. முடிஞ்சுது."

"வலிக்குமேக்கா."

"யாருக்குடா?"

இந்தக் கேள்விக்கு வட்டம் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் போய், வழக்கமான மழைக்குப் பிறகு, பித்தளைத் தகடு கேட்டார்.

"எதுக்குன்னு எழுதணும், சார்."

"ஒரு... சோதனைக்கு. பெரிய வளையம் ஒண்ணு, எட்டு அங்குலம். அதுக்குள்ள சின்னச் சக்கரம் ஒண்ணு."

"எத்தன பல்லு?"

"பெருசுக்குத் தொண்ணூத்தாறு. சின்னதுக்கு அதுல சரிபாதி."

ஸ்டோர்ஸ் அம்மா எழுதிக்கொண்டார். 'சோதனை' என்று எழுதிய இடத்தில் பேனா சற்று நின்று, பிறகு நகர்ந்தது.

திட்டம் இதுதான். வளையத்தை ஒரு பலகையில் பதிப்பது. சின்னச் சக்கரத்தின் விளிம்பில் துளை போட்டுப் பென்சிலைச் செருகுவது. பிரிவு உபசாரத்தன்று அதை மேஜையில் வைத்து, ஒரு பக்கம் அவர் நின்று, எதிர்ப்பக்கம் ஸ்டோர்ஸ் அம்மாவை உட்காரவைத்து, கைப்பிடியைச் சுற்றுவது. பென்சில் அவரிடமிருந்து கிளம்பி நேராக ஸ்டோர்ஸ் அம்மாவிடம் போய் நிற்கும். அந்தக் கணத்தில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "மேடம், இந்தப் பென்சில்தான் நான்." மழை கிடையாது, கூரை கிடையாது. நாலே வார்த்தை. குளியலறையில் ஒத்திகை பார்த்தார். வெளியிலிருந்து அக்கா, "பரவாயில்ல, இதுல 'நான்' வருது" என்று தேர்ச்சி கொடுத்தார்.

பெரிய வளையத்தை, சாயங்காலம் ஸ்டோர்ஸ் ஜன்னல் சாத்திய பிறகு, இரண்டு வாரம் பூப்போல் செதுக்கினார். சின்னச் சக்கரத்துக்குக் கடைசி நாள் மத்தியானம்தான் கிடைத்தது. பற்களைச் சம இடைவெளியில் வெட்ட, துளைகள் போட்ட ஒரு தட்டு உண்டு. எத்தனை பல்லுக்கு எந்தத் துளை வரிசை என்று சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். எறும்பு எழுத்து. வெள்ளெழுத்து வந்த வட்டத்துக்குச் சட்டைப் பையில் கண்ணாடி இருக்கிறது. ஆனால் மில்லிங் மெஷின் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. கண்ணாடி வாங்கிய முதல் நாள், அதை மாட்டிக்கொண்டு அந்த ஜன்னலில் நின்றபோது, ஸ்டோர்ஸ் அம்மா கண் விரிய, "சார், அசல் எங்க ஹெட்மாஸ்டர் மாதிரியே இருக்கீங்க!" என்று சிரித்துவிட்டார். அன்று கழற்றியதுதான். அந்த ஜன்னலின் பார்வை எட்டும் எல்லைக்குள் வட்டம் கண்ணாடி மாட்டியது இல்லை. அன்றும் மாட்டவில்லை. அட்டவணையில் விரல் வைத்தார், தட்டைப் பொருத்தினார், வெட்டினார். மூன்றரை மணிக்குச் சக்கரத்தை வளையத்தில் இறக்கி அரைச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பென்சில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நேராகத்தான் போனது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

நான்கு மணிக்குச் சாப்பாட்டு அறையில் கூட்டம். ஃபோர்மேன் பேசினார். ஸ்டோர்ஸ் அம்மா போன பின் தொழிற்சாலை எப்படி இயங்கும் என்பது உலக விஞ்ஞானிகளுக்கே புதிர் என்று முடித்து, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். வட்டம் பலகையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். ஸ்டோர்ஸ் அம்மா எதிரே உட்கார்ந்தார். கைப்பிடி சுற்றியது.

பென்சில் கிளம்பியது. நடுவைக் கடந்தது. ஸ்டோர்ஸ் அம்மாவின் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவருக்கு நேராக இல்லை, கால் அங்குலம் தள்ளி. முழுச் சுற்று முடிந்து திரும்பிய பென்சில் கிளம்பிய இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி நின்றது. சரியாகிவிடும் என்று மறுபடி சுற்றினார். மறுபடி அரை அங்குலம். ஒவ்வொரு கோடும் போன கோட்டை விட்டு விலகி, கடிகார முள்போல் மெல்லத் திரும்பிக்கொண்டே போனது. பன்னிரண்டாவது சுற்றில் பென்சில் மேஜையின் பக்கவாட்டில் நின்ற ஃபோர்மேனை அன்போடு நோக்கியது.

"அடடே! பூ!" என்றார் ஃபோர்மேன். "நம்ம வட்டம் பூ போடுறாருய்யா! சுத்துங்க, சுத்துங்க!"

எல்லாரும் கைதட்டினார்கள். வட்டத்தின் கை தானாகச் சுற்றியது. பலகை முழுக்கப் பூ விரிந்தது. நாலு வார்த்தையும் தொண்டையில் வரிசையாக நின்றன.

"ஆமா," என்றார் அவர். "பூதான்."

கூட்டம் டீயை நோக்கி நகர்ந்தது. ஸ்டோர்ஸ் அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. சின்னச் சக்கரத்தைக் கழற்றி எடுத்து, கட்டைவிரல் நகத்தை முதல் பல்லில் வைத்தார். டிக், டிக் என்று ஒரு சுற்று. பிறகு இன்னொரு சுற்று.

"நாப்பத்தேழு."

"இருக்காதே, மேடம்."

"எண்ணிட்டேன். தொண்ணூத்தாறுல பாதி நாப்பத்தெட்டு. ஒரு பல்லு கம்மி, சார்." அவர் நிமிர்ந்தார். "கண்ணாடி எங்க?"

"பையிலதான்."

"பையில வெச்சா எப்படித் தெரியும்? ஏன் போடறதில்ல?"

வட்டம் வாழ்க்கையில் முதல்முறையாகச் சுற்றாமல் பதில் சொன்னார். "நீங்கதான் ஹெட்மாஸ்டர் மாதிரின்னு சிரிச்சீங்க."

ஸ்டோர்ஸ் அம்மா சக்கரத்தை உள்ளங்கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த ஸ்கூல்லயே எனக்குப் புடிச்ச ஒரே மனுஷன் அவருதான்," என்றார். "நல்லா இருக்குன்னு சொல்ல வந்தேன். இதுக்குமேல நேரா எப்படிங்க சொல்றது?"

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. சாமான்கள் ஏற்கெனவே ஏறியிருந்தன. ஸ்டோர்ஸ் அம்மா பலகையை, வளையத்தோடும் பூவோடும், தன் பையில் வைத்துக்கொண்டார். நாற்பத்தேழு பல் சக்கரத்தை மட்டும் மேஜையில் விட்டார்.

"வளையம் என்கிட்ட இருக்கட்டும். சரியான சக்கரத்த வெட்டிக் கொண்டு வாங்க. தபால்ல அனுப்பிடாதீங்க."

அதன் பிறகு எட்டு வாரம் ஆகிறது. நாற்பத்தெட்டுப் பல் சக்கரம் மறுநாளே தயார். அக்கா அதை வாங்கிப் பார்த்து, "இதென்னடா, இவ்வளவுதானா? இதக் கொண்டுபோய்க் குடுக்க என்ன கேடு?" என்றார். வட்டம் ஞாயிறுதோறும் பஸ் நிலையத்துக்குப் போனார். விசாரணை ஜன்னலில், போன வாரம் மழை வந்ததா என்று விசாரித்தார். அந்த ஊர்ப் பஸ் வருவதைப் பார்த்தார், ஜன்னலோர இருக்கைகள் நிரம்புவதைப் பார்த்தார், புகை அடங்கும்வரை நின்றார். நிலையத்தைச் சுற்றியுள்ள சாலையில் ஒரு முழு வட்டம் நடந்து வீடு திரும்பினார். சக்கரம் சட்டைப் பையில் கிடந்து, துணியில் வட்டமாக ஒரு தேய்மானமே விழுந்துவிட்டது. திங்கட்கிழமை பத்தரைக்கு மறுபடி ட்ரில்லிங் மெஷின், பெயின்ட் அறை, தீயணைப்பு நோட்டீஸ், எடை மேடை, மீசைக்காரர்.

போன ஞாயிறு அக்காவும் கூட வந்தார். வழியனுப்ப வந்ததாகச் சொன்னார். தப்பி ஓடாமல் பார்த்துக்கொள்ள என்பது நடையிலேயே தெரிந்தது. இரண்டு பஸ்கள் நின்றன. ஒன்று நேர்வழி. இன்னொன்று ஒன்பது ஊரைச் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகப் போவது. வட்டம் எதில் ஏறினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"டேய், அது சுத்திட்டுப் போற வண்டிடா!" என்று அக்கா ஜன்னலைத் தட்டினார்.

"போய்ச் சேர்ந்துடும்க்கா."

பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்து, சாலை வளைவில் சாய்ந்து திரும்பியது. வட்டம் பைக்குள் கைவிட்டு, கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு பல்லாகத் தடவி எண்ணினார். கடைசிப் பல்லும் இருந்தது. பயணமோ ஒன்பது மணி நேரம்; படிக்க ஒரு துண்டுக் காகிதம்கூட அவரிடம் கிடையாது. கண்ணாடியை எடுத்து, சட்டை நுனியில் இரண்டு பக்கமும் துடைத்து, மாட்டிக்கொண்டார்.