குடைக்கார நானா தந்த பானை

காசிம் நானாவைப் பார்க்கச் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டபோது, பக்கத்து வீட்டு வேலு வாசல் படலையில் நின்றார். "மாஸ்டர், நம்ம குடைக்கார நானா போயிட்டாருங்க. பின்னேரம் அடக்கமாம்." நானாவிடம் சொல்ல நான் ஒரு செய்தி வைத்திருந்தேன். அவருடைய செய்தி முந்திக்கொண்டது.

எங்கள் ஊர் மஹய்யாவையில் அவரிடம் குடைக்கம்பி மாற்றியவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கடையின் பின்புறக் கூரையில் அவர் தொங்கவிட்ட மண்பானைகளை எல்லோரும் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளே பழைய தேன்மெழுகைத் தேய்த்து, வாயை மூடி, தேனீ நுழைய ஒரு துளை மட்டும் விட்டுக் காத்திருப்பார். பிடித்துவந்து அடைக்கும் வழக்கமே இல்லை. தோட்டத்துத் துரை ஒருவர் மரப்பெட்டி வைக்கச் சொன்னபோது, "அதுகளுக்கு வீடு கட்டத் தெரியும் தொர. நாங்க எடம் குடுத்தாப் போதும்" என்றார். துரைக்கு அது பிடிக்கவில்லை. நானா அதற்காக வருந்தியதாகவும் தெரியவில்லை.

தேனீ குடியேறிய பானை ஒன்றை எனக்கும் தந்தார். ஒரே நிபந்தனை: "மொத வருசம் கத்திய எடுக்க வேணாம் மாஸ்டர். மழைக்கி அதுகளுக்குச் சாப்பாடு வேணும்."

நன்றாகத் தலையாட்டினேன். வைகாசியில் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். எங்கள் வீட்டுத் தேன் என்று கிண்ணத்தில் வைத்துப் பெருமையடிக்க ஆசை வந்தது. வாத்தியாருக்கும் வீம்பு உண்டு. இருந்த தேனடைகளையெல்லாம் வெட்டினேன். ஆனி மழை பிடித்துக்கொண்ட பத்தாம் நாள் தேனீக்கள் போய்ப் பானை காலி.

எறும்பு வந்து கெடுத்துவிட்டது என்று நானாவிடம் சொன்னேன். அவர் வந்து பானையைக் கவிழ்த்தார். நேர்கோடாக வெட்டுப்பட்டிருந்த அடையின் மிச்சத்தில் விரலை வைத்தார்.

"நல்ல எறும்பு மாஸ்டர். கத்தி புடிக்கப் படிச்சீக்கு."

என் மனைவி சிரித்துவிட்டாள். அவர் பானையைத் திருப்பி எடுத்துப்போகவில்லை. "இங்கேயே ஈக்கட்டும். மெழுகு தேச்சு வைங்க. தேனீ வந்தாச் சொல்லுங்க, மத்தத அப்ப பேசுவோம்" என்றார்.

மற்றது என்றால் என் பொய். அதன்பின் நான்கு வருடம், குடையோடு போகும்போதெல்லாம் "வந்திச்சா?" என்பார். "இன்னும் இல்லை நானா" என்பேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சித்திரையில், அவர் போவதற்கு முதல் நாள் மாலை, பானைக்குத் தேனீ வந்தது. அதைச் சொல்லத்தான் சட்டை மாட்டினேன். கூடவே அந்தப் பொய்யையும் ஒப்புக்கொள்ள இருந்தேன். பின்னேரம் பள்ளிவாசலுக்கு வெளியே, அவர் கம்பி மாற்றித் தந்த குடையைப் பிடித்துக்கொண்டு, தொழுகை முடியும்வரை மழையில் நின்றேன்.

அந்தக் குடையும் பானையும் என்னிடம் இருக்கின்றன. வைகாசியில் சம்பந்தி வீட்டார் மறுபடி வந்தார்கள். கடையில் வாங்கிய, கித்துள் மரத்து இனிப்புப் பாணியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"வீட்டுத் தேன் இல்லீங்களா?" என்றார் சம்பந்தி.

"இது மொத வருசம்ங்க. மழைக்கு அதுகளுக்குச் சாப்பாடு வேணும்" என்றேன். பிறகு, அவர் கேட்காமலே சொன்னேன்: "நாலு வருசத்துக்கு முந்தி நீங்க சாப்பிட்டது அந்தச் சாப்பாட்டைத்தான். நான்தான் வெட்டினேன்."