கொரிய ஓட்டலில் நெத்திலிக் கருவாடு

எங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்த கொரிய ஓட்டலில், சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு வறுத்து வைத்தார்கள். அந்த வாசனைக்கு எனக்குப் பசி வரவில்லை, கோபம்தான் வந்தது.

தொண்ணூறுகளில் வேலூரில் வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா நர்ஸ். ஒரு ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்து கருவாடு வறுத்தாள். வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, பொண நாத்தம் நாறுது? இன்னிக்கே காலி பண்ணு."

அம்மா அடுப்பை அணைக்கவில்லை. "ஆஸ்பத்திரில உங்க கால் புண்ணு அழுகிக் கெடந்தப்ப நான்தான் தொடச்சேன். அன்னிக்கு நான் மூக்கைப் பொத்தலை."

அவர் தலைகுனிந்தார். ஆனாலும் காலி செய்யச் சொன்னது சொன்னதுதான். சாயங்காலம் பாத்திரங்களோடு தெருவில் நின்றோம்.

இப்போது ஓட்டலில், பக்கத்து மேஜையில் ஒருவர் அதே கருவாட்டுத் தட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டேன்.