எந்த நூறு

சுட்டால் பத்து சதவீதம் சுருங்குகிற மண்ணுக்குப் பத்து சதவீதம் கூட்டி அச்சு வெட்டினால் கணக்கு நேராகிவிடும் என்று நான் நம்பினேன். போனது பத்து, போட்டது பத்து. விருத்தாசலத்தில் பாதி ஆயுளைப் பீங்கான் மண்ணோடு கழித்தவன் நான்; இதில் சந்தேகப்பட ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த நம்பிக்கையின் மேல் என் மச்சினனையும் ஏற்றி உட்கார வைத்திருந்தேன். குவைத்தில் ஒயரிங் வேலை பார்த்தவன். இனிமேல் போகவில்லை, உங்களோடேயே இருக்கிறேன் மாமா என்று வந்து என் சின்ன சூளையில் கூட்டாளியானான். முதல் ஆர்டர், பியூஸ் மாட்டும் பீங்கான் கட்டை. மங்கலம்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். இது தேறினால் இங்கே, இல்லாவிட்டால் மறுபடி விமானம் என்று அவன் என் மனைவியிடம் சொல்லியிருந்தான். கட்டையில் இரண்டு திருகு ஓட்டைகள். இடையில் சரியாக நூறு மில்லிமீட்டர். நான் நூற்றுப் பத்துக்கு இரும்பு அச்சு வெட்டச் சொன்னேன். ஒரு கட்டையைச் சுட்டுப் பார்த்துவிட்டு மற்றதை அடிக்கலாம் என்று அவன் சொன்னான். கணக்கு இருக்கும்போது சோதனை எதற்கு என்று நான் சிரித்தேன்.

சூளை எரிய ஆரம்பித்த பிறகு, பொழுது போகாமல், அவன் கேட்டான்.

“மாமா, நூத்தி பத்து எப்டி வந்துச்சு?”

“ஃபார்முலா மாப்ள.”

“அது எங்கருந்து வந்துச்சு?”

ஃபார்முலாக்கள் கோயில் மாதிரி, முன்னாடியே இருக்கும், யார் கட்டினார்கள் என்று கேட்பதில்லை என்றேன். ஆனாலும் விளக்கிக் காட்டும் ஆசை வந்துவிட்டது. சோதனைத் துண்டை எடுத்தேன். மண் கலக்கும்போதெல்லாம் ஈரத் துண்டில் நூறு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு கீறிச் சுடுவோம். சுட்ட பிறகு அந்தக் கோடு தொண்ணூறு இருக்கும். பத்து சதவீதம் என்பது அங்கேதான் பிறக்கிறது.

“அப்ப நூத்தி பத்துல பத்து சதவீதம் எவ்ளோ மாமா?”

போனில் தட்டினேன். பதினொன்று. மிச்சம் தொண்ணூற்று ஒன்பது. போனில் ஏதோ கோளாறு என்று அவன் போனை வாங்கித் தட்டினேன். அதற்கும் அதே கோளாறு.

“குவைத் போனு மாமா, பொய் சொல்லாது” என்றான். முகத்தில் சிரிப்பு இல்லை.

துண்டில் கீறிய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு என்பது ஈர மண்ணின் நூறு. நான் கூட்டியதோ சுட்ட கட்டையின் நூறில் பத்து. வேண்டிய அளவைத் தொண்ணூறால் வகுத்து நூறால் பெருக்கியிருக்க வேண்டும். நூற்றுப் பதினொன்றும் கொஞ்சமும் வரும். அந்த சதவீதக் குறியையும் போனிலேயே தேடிப் படித்தேன். பழைய இத்தாலி வியாபாரிகள் ‘நூற்றுக்கு’ என்று எழுதியதை அவசரத்தில் சுருக்கி, மேலும் சுருக்கி, கடைசியில் ஒரு கோடும் இரண்டு சுழியுமாக விட்டார்களாம். நூற்றுக்கு என்பதை அது சொல்கிறது. எந்த நூறு என்பதை நாம்தான் கேட்க வேண்டும். முப்பது வருஷமாக நான் கேட்கவில்லை; பொம்மையும் ஜாடியும் ஒரு மில்லிமீட்டரைக் காட்டிக்கொடுப்பதில்லை.

கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டலாமா என்று யோசித்தேன். ஏமாற்றியவன் மேல் சீட்டு எழுதி முருகன் சன்னதியில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். எதிரியின் பெயர் என்ன எழுதுவது? என் பெயரைத்தான் எழுத வேண்டும். வாதியும் நானே.

ஒரு மில்லிமீட்டர்தானே என்று சொல்ல முடியாது. ஒரு திருகை மாட்டினால் மற்றது, கட்டை உட்காரும் இரும்புத் தகட்டில் ஓட்டை விளிம்பை முட்டும். அழுத்தி முறுக்கினால் பீங்கான் வெடிக்கும். அந்தப் பயத்தில்தான் எனக்கு அறிவு வேலை செய்தது. குறைவாகச் சுட்டால் குறைவாகத்தான் சுருங்கும். கேஸ் வால்வின் மேல் கையை வைத்தேன்.

“இப்பவே நெருப்ப நிறுத்திட்டா நூறுலயே நின்னுடும் மாப்ள. பார்வைக்கு ஒண்ணும் தெரியாது.”

“வேவாத கட்ட ஈரம் குடிக்கும். மழைக்காலத்துல எவன் வூட்டுலயோ எவனோ கை வெப்பான், கரண்டு இழுத்துடும்.”

“ஆர்டரு போயிடும்டா. நீயும் போயிடுவ.”

“போறேன். கைய எடுங்க மாமா.”

எடுத்தேன். நல்லவனாகி எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அவன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான்.

நெருப்பு முழுதாக எரிந்தது. சூளை ஆறுகிறவரை கணிதம் இந்த ஒரு தடவை தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கிடந்தேன்.

சூளையைத் திறந்து அளந்தோம். எல்லாக் கட்டையும் தொண்ணூற்று ஒன்பது. கடைக்காரர் எடுக்கவில்லை. புது அச்சு வருவதற்குள் அவர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். மச்சினன் குவைத்துக்குத் திரும்பிப் போய்விட்டான்.