அறைக்குப் பெரியவள், வேனுக்குச் சின்னவள்

என் மகளின் உண்மையான வயதை நான் எழுதிக் கொடுத்ததற்காக, ஏற்காட்டில் ஒரு விடுதி அவளை விளையாட்டு அறைக்குள் விடவில்லை. நடந்தது 1988 மே மாதம். பழங்கதை என்று தள்ளாதீர்கள். வயதுப் பலகைகள் இன்னும் தொங்குகின்றன, நீங்களும் பிள்ளைகளோடு மலையேறத்தான் போகிறீர்கள்.

மல்லிகாவுக்கு அப்போது பத்தொன்பது. பிறவியிலேயே மனவளர்ச்சிக் குறைபாடு; பேச்சும் ஆசையும் ஏழு வயதுப் பிள்ளையுடையவை. முந்தின கோடையில் எதிர்வீட்டுப் பிள்ளைகள் அந்த விடுதியில் தங்கி, மதிய விளையாட்டில் சேர்ந்து, பெயர் எழுதிய காகிதக் கிரீடத்தோடு திரும்பினார்கள். வருடம் முழுக்க இவள் அதையே கேட்டாள். நாங்கள் போனது அதற்காக, ஏரிக்காக அல்ல.

சேலத்தில் காலை 7.10 பஸ். இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றரை மணி நேரம். (இடப்பக்க ஜன்னல் வேண்டாம், வாந்தி வரும்.) குள்ளமான மல்லிகாவைப் பார்த்த கண்டக்டர், "பாப்பாவுக்கு அரை டிக்கெட் போட்டுர்றனுங்க" என்றார்.

"பத்தொம்பது வயசுங்க. முழு டிக்கெட் குடுங்க."

"நல்ல ஆளுங்க நீங்க! கொறச்சுக் குடுத்தாலும் வேண்டாங்கறீங்க."

விடுதிப் பதிவேட்டிலும் அதே வயதை எழுதினேன். மூன்று மணிக்கு விளையாட்டு அறை வாசலில் மேனேஜர் வழிமறித்து, அங்கே தொங்கிய வயதுப் பலகையைக் காட்டினார்.

"அஞ்சுல இருந்து பன்னெண்டு வரைக்குந்தானுங்க. இது பெரிய பொண்ணாச்சே?"

சரி, நான்கு மணிக்குப் பெரியவர்களை வேனில் கரடியூர் காட்சிமுனைக்குக் கூட்டிப்போகிறார்களே, அதில் ஏற்றுங்கள் என்றேன்.

"அது ஆவாதுங்க. பாறை ஓரம். கொழந்தை மாதிரி ஓடீருச்சுன்னா யாரு பொறுப்பு?"

அறைக்குப் பெரியவள், வேனுக்குச் சின்னவள். சொன்னது ஒரே வாய், இடையில் ஐந்து நிமிடம்கூட இல்லை. உள்ளே மற்ற பெற்றோர் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, கிரீடம் வெட்டும் கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மல்லிகா என் சட்டையைப் பிடித்து, "நான் எப்பப்பா பன்னெண்டு ஆவேன்?" என்றாள்.

அறையைக் காலிசெய்துவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தோம். அங்கே மிளகு, காப்பிக்கொட்டை விற்கும் பாய் ஒருவர் கதையைக் கேட்டு என்னையே திட்டினார். "ஏனுங்க, உள்ளத எதுக்கு எழுதுனீங்க? பன்னெண்டுன்னு போட்டிருந்தா முடிஞ்சுதுல்ல?"

"அவ பொறந்து பத்தொம்பது வருசமாச்சுங்க. அதுல ஏழு வருசத்த எங்க கொண்டுபோய் ஒளிக்கட்டும்?"

அவர் செய்தித்தாள் ஒன்றைச் சுருட்டி அவள் தலையில் வைத்தார். "இந்தா கண்ணு, கிரீடம்."

மல்லிகா கழற்றி உள்ளே பார்த்தாள். "இது பொட்டலம், பாய்."

கைப்பழக்கம், அவரை என்ன சொல்ல? மிளகு கட்டும் அதே கூம்பு. மூவரும் சிரித்தோம். ஆனால் 5.30 பஸ்ஸில் இருபது வளைவும் அவள் அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பிரித்துக் கிரீடமாக மடிக்கப் பார்த்தாள்.

இனி செய்ய வேண்டியது. விடுதிக்காரர்கள் அந்தப் பலகையைக் கழற்றி, வயதைக் கேட்பதற்கு முன் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க வேண்டும். மேனேஜர்கள் ஓர் ஆளை ஒரு வாசலிலாவது உள்ளே விட வேண்டும். விடுதிக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரிகள் படுக்கைகளை எண்ணுவதோடு நிற்காமல், யாரையெல்லாம் வெளியே நிறுத்துகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். மற்ற பிள்ளைகளின் பெற்றோர், உள்ளிருந்தபடி வேடிக்கை பார்க்காமல் ஒரு வார்த்தை பேச வேண்டும். அன்று ஒருவரும் பேசவில்லை.

என்னைப் போன்ற பெற்றோரே, பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேளுங்கள், பதிலைக் கையோடு கொண்டுபோங்கள். உண்மை வயதையே எழுதுங்கள். வாசலில் தடுத்தால் நகராதீர்கள். நான் அன்று நகர்ந்துவிட்டேன்.