கோப்பை நீட்டிய கை

பழைய சாமான் கடையில் நேற்று அந்தக் காப்பித்தூள் விளம்பர அட்டையைப் பார்த்ததும் சட்டென்று ஒதுங்கிக்கொண்டேன். சினிமா நடிகையின் கை சிவப்புக் கட்டத்தைத் தாண்டி வெளியே வந்து, எதிரே யார் நின்றாலும் அவருக்கே கோப்பையை நீட்டுவதாக வரைந்திருந்தார்கள். ஐம்பதுகளில், அறந்தாங்கியில் அப்பாவின் காப்பிக்கடை வாசலில், கொட்டை வறுபடும் வாசனையும் டபரா சத்தமும் சூழ அதே அட்டைதான் தொங்கியது. எங்கள் வயலில் நடவு நட்ட கருப்பாயிக்குக் கடைக்குப் பின்னால், கொட்டாங்கச்சியில்தான் காப்பி ஊற்றுவார்கள். ஒருநாள் அவள் வாசலில் தயங்கி நின்று, "பாருங்க பாப்பா, அந்தம்மா எனக்குல்ல நீட்டுறாங்க" என்று சிரித்தாள். எட்டு வயதுச் சிறுமியான நான் முக்காலியில் ஏறி, அட்டையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டேன். கருப்பாயி பின்பக்கம் நடந்தாள். "கெட்டிக்காரப் புள்ள" என்று அப்பா எனக்குக் கோப்பையில் காப்பி தந்தார். இனிக்கத்தான் செய்தது.