பவுடர் போட்ட குட்டி

ஆட்டுக்குட்டிக்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, பவுடர் பூசி, நெற்றியில் மைப்பொட்டும் வைத்த ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். எங்கள் சித்திதான்.

சித்தி சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். கல்யாணமாகி ஆட்டையாம்பட்டிப் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டத்துக்கு வந்தாள். கல்யாண மாலை வாடுவதற்குள் சித்தப்பா ரிக் வண்டியில் வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போய்விட்டார். அப்புறம் போனில்தான் குடித்தனம். எங்கள் நாய் வாலாட்டிக்கொண்டு வந்தாலே சித்தி கட்டில்மேல் ஏறி நிற்பாள். எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு லீவு. அவளைக் கீழே இறக்கிவிடுவது என் வேலை.

அன்று எல்லோரும் கடலை பறிக்கக் காட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது வெள்ளாடு குட்டி போட்டது. முதல் குட்டி செத்தே பிறந்தது. ஆடு அதையே நக்கி நக்கி எழுப்பிக்கொண்டிருந்தது. நான் ஓவென்று அழுதேன். இரண்டாவது குட்டி உயிரோடு விழுந்ததும், இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று சித்தி அதை அள்ளிக்கொண்டு ஓடினாள். வெந்நீர் வைத்தாள். பச்சைக் குழந்தைக்குச் செய்வது அத்தனையும் செய்தாள். திருஷ்டி படக்கூடாது என்று மையும் வைத்தாள். குட்டி கமகமவென்று மணந்தது. இவ்வளவு அழகான குட்டி இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று நினைத்தேன்.

ஆடு அப்படி நினைக்கவில்லை. மோந்து பார்த்தது, ஒரே முட்டு. குட்டி சுவரோரம் போய் விழுந்தது.

சாயங்காலம் காட்டிலிருந்து வந்த அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாவின் தங்கை அவள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. "ஏனுங்கண்ணா, தாயி நக்கி எடுக்கோணும். இப்புடிக் கழுவி வெச்சா அது தன் குட்டின்னு ஆட்டுக்கு எப்புடித் தெரியும்? ரயிலப் பாத்து வளந்த புள்ளைகிட்டப் பட்டிய உட்டுட்டுப் போனோம் பாருங்க, நம்மளச் சொல்லோணும்."

குட்டியின் முதுகில் உப்புத்தண்ணீர் தடவினார்கள், ஆடு நக்கவில்லை. ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு ஊட்டப் பார்த்தார்கள், உதைத்தது. புட்டியில் பசும்பால் கொடுத்ததில் குட்டிக்குக் கழிச்சல் கண்டது. மறுநாள் தலையைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. "இது தங்காதுங்க" என்றாள் அத்தை. சித்தி வீட்டுக்குப் பின்னால் போய், தன் அப்பாவுக்குப் போன் போட்டு, "நாளைக்கு ஒரு பெரிய பெட்டியோட வாங்கப்பா" என்று மட்டும் சொல்லி வைத்தாள். விருந்தாளி வரப்போகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த நாள் காலையில் அப்பா கடைசி வழியாக நாயைக் காட்டிப் பார்க்கலாம் என்றார். நாயைக் கண்டால் தாய் ஆட்டுக்கு ரோஷம் வரும், குட்டியைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். ஆனால் எங்கள் நாய் இருக்கிறதே, அது போய் ஆட்டின் மேலேயே சாய்ந்து படுத்துவிட்டது. ஆடும் சுகமாக அசைபோட்டது. "நல்லாருக்குதுங்க கூத்து" என்று சொல்லிவிட்டு அத்தை காட்டுக்குக் கிளம்பினாள்.

திரும்பிப் பார்த்தால் சித்தியைக் காணோம்.

கொஞ்ச நேரம் கழித்துத் தடத்தில் ஒரு கூச்சல். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு சித்தி ஓடி வந்தாள். பின்னால் பஸ் ஸ்டாப் டீக்கடையின் செவலை நாய். ஊரே பயப்படுகிற நாய் அது. கையிலிருந்த பன்னைப் பிய்த்துப் பிய்த்துப் பின்னால் எறிந்துகொண்டே வந்தவள், மிச்சத்தைப் பட்டிக்குள் வீசிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொண்டாள்.

ஆட்டுக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. முன்னங்காலால் தரையைத் தட்டியது. சுருண்டு கிடந்த குட்டியை மறைத்து நின்று, செவலையின் விலாவில் விட்டது பாருங்கள் ஒரு முட்டு! அந்தச் சண்டியர் கடலைக்கொடிப் போரைத் தாண்டி ஓடியே போனான். ஆடு திரும்பிக் குட்டியை மோந்தது. அடித்தொண்டையில் கனைத்தது. பிறகு நக்கத் தொடங்கி, பவுடர், மை ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. குட்டி தட்டுத்தடுமாறி எழுந்து மடியை முட்டியது. வால் ஆடியது. நான் குதித்த குதியில் கோழிகளெல்லாம் சிதறின.

"நாயவே மேச்சுட்டு வந்தவ, இனி எருமைய மேய்க்க மாட்டாளா?" என்றாள், கூச்சல் கேட்டுப் பாதி வழியில் திரும்பி வந்திருந்த அத்தை. அவள் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான். சித்தி தொட்டிமேல் நின்றுகொண்டே சிரித்தாள், கண்ணெல்லாம் தண்ணீராக.

சாயங்காலம் சூரமங்கலத்துத் தாத்தா வந்தார், கையில் ஒரு பெரிய காலிப் பெட்டியோடு. சித்தி அவரைப் பட்டிக்கு இழுத்துப் போய்க் குட்டியைக் காட்டினாள். செவலை கதையை இரண்டு தரம் சொன்னாள். கிளம்பும்போது அந்தப் பெட்டி நிறையப் பச்சைக் கடலையும் முருங்கைக்காயும் அவளே அடைத்துக் கொடுத்தாள். அவர் மூடியை மூடிவிட்டு, தோள் துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்தார்.

தாத்தா பெட்டியை ஏன் காலியாகக் கொண்டுவந்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். "கடலை வாங்கிட்டுப் போகத்தான் சாமி" என்றாள் அம்மா.

அதை நம்பி, பஸ் ஏறப் போனவரை வழிமறித்துச் சொன்னேன்: "அடுத்த தடவ இதவிடப் பெரிய பொட்டியாக் கொண்டாங்க தாத்தா."